பலகாரம் மடித்த பேப்பரில் நோயாளியின் ரிப்போர்ட்... மருத்துவமனைக் காகிதங்களை எந்தச் சட்டம் காக்கிறது?

தாய்லாந்தில் தெருவோரக் கடைகளில் 'கனோம் டோக்கியோ' என்றொரு பலகாரம் கிடைக்கும். தோசையைச் சின்னதாக, மெல்லிசாகச் சுட்டுச் சுருட்டிய மாதிரி இருக்கும். 2024-ல் அதை வாங்கிய ஒருவர், பலகாரம் போட்டுக் கொடுத்த காகிதப் பையைத் திருப்பிப் பார்த்தால், அது ஒரு மருத்துவமனையின் நோயாளி ஆவணம். யாரோ ஒருவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்று இருக்கும் விவரம் அதில் இருந்தது. படம் சமூக வலைதளங்களில் பரவியது.

அந்நாட்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புக் குழு விசாரித்தது. ஒரு பெரிய தனியார் மருத்துவமனை, பழைய ஆவணங்களை அழித்துவிடச் சொல்லி ஒரு சிறிய ஒப்பந்ததாரரிடம் கொடுத்திருந்தது. அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருந்தார். அங்கிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட காகிதங்கள் வெளியே போய்விட்டன. 2025 ஆகஸ்டில் தீர்ப்பு வெளியானது. மருத்துவமனைக்கு 12.1 லட்சம் பாட் அபராதம், நம் பணத்தில் ஏறக்குறைய 32 லட்சம் ரூபாய். ஒப்பந்ததாரருக்கு 16,940 பாட்.

தொலைத்தவர் ஒப்பந்ததாரர். பெரிய அபராதம் மருத்துவமனைக்கு. 'அழிக்கக் கொடுத்துட்டோம், அதுக்கப்புறம் எங்களுக்குத் தெரியாது' என்ற பதில் அங்கே செல்லுபடியாகவில்லை.

இதே சம்பவம் சென்னையிலோ மதுரையிலோ நடந்தால் என்ன ஆகும்? இந்தியாவிலும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று செய்திகளில் பார்த்திருப்பீர்கள். ஆனால் பலகாரப் பைக்கு அந்தச் சட்டம் பொருந்துமா என்பதுதான் சிக்கலே.

மும்பையில் நடந்தது

இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை. 2024 ஜூலையில் மும்பையின் புகழ்பெற்ற கே.இ.எம். மருத்துவமனையில் இருந்து இதே மாதிரி ஒரு வீடியோ வெளியானது. தின்பண்டம் வைத்துச் சாப்பிடும் காகிதத் தட்டுகளில் மருத்துவமனையின் பெயரும் நோயாளிகளின் விவரங்களும் அச்சாகி இருந்தன. முன்னாள் மேயரே சமூக வலைதளத்தில் அதைப் பகிர்ந்து கேள்வி எழுப்பினார். அவை ரிப்போர்ட்டுகள் இல்லை, பழைய சி.டி. ஸ்கேன் உறைகள், பழைய பேப்பர்காரருக்குப் போட்டபோது கிழிக்காமல் விட்டுவிட்டார்கள் என்பது மருத்துவமனை தரப்பு விளக்கம். ஊழியர்கள் சிலருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது.

தாய்லாந்தையும் மும்பையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே ஒரு தனிச் சட்டத்தின் கீழ் ஒரு தனி அமைப்பு விசாரித்து, நிறுவனத்துக்கு அபராதம் போட்டது. இங்கே அது அலுவலகத்துக்குள் நடக்கும் ஒழுங்கு நடவடிக்கை விவகாரமாக ஆனது.

புதுச் சட்டம் பேப்பரைப் பார்க்காதா?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியமான கடமைகள் எல்லாம் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் அமலுக்கு வரும்.

சட்டத்தின் பெயரிலேயே 'டிஜிட்டல்' இருக்கிறது. அது அலங்காரத்துக்கு வைத்த சொல் இல்லை. பிரிவு 3 தெளிவாகச் சொல்கிறது: டிஜிட்டல் வடிவில் வாங்கிய தகவலுக்கும், காகிதத்தில் வாங்கி பிறகு டிஜிட்டலாக மாற்றிய தகவலுக்கும் மட்டுமே இந்தச் சட்டம் பொருந்தும். கடைசிவரை காகிதமாகவே இருந்துவிட்ட தகவல் இதன் எல்லைக்குள் வராது.

அப்படியென்றால், ஒரு மருத்துவமனையின் சர்வரில் இருந்து உங்கள் சர்க்கரை அளவு திருடுபோனால் சட்டம் வரும். அதே சர்க்கரை அளவு எழுதிய கேஸ் ஷீட் காயலான் கடைக்குப் போனால் வராது. ஸ்கேன் எடுத்துக் கணினியில் ஏற்றிய பிறகு மூலக் காகிதம் மட்டும் தொலைந்தால்? டிஜிட்டல் நகலுக்குப் பாதுகாப்பு உண்டு என்பது உறுதி. மூலத்தாளுக்கும் உண்டு என்று வாதாட இடமிருக்கிறது, ஆனால் சட்டத்தின் வாசகம் அதற்கு வலுவாகத் துணை நிற்கவில்லை.

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2011-ல் வந்த விதிகள், மருத்துவ ஆவணங்களையும் நோய் வரலாற்றையும் 'உணர்திறன் மிக்க' தகவல் என்று தனியாக வகைப்படுத்தின. புதிய சட்டத்தில் அந்த வகையே கிடையாது. உங்கள் போன் நம்பரும் உங்கள் மனநலச் சிகிச்சை விவரமும் சட்டத்தின் பார்வையில் ஒரே தட்டில்தான். 250 கோடி அபராதமும் பாதிக்கப்பட்டவருக்குப் போகாது, அரசு கஜானாவுக்குப் போகும்.

சரி, அமெரிக்காவில்? அங்கே ஹிப்பா சட்டம் காகிதம், கணினி, வாய்ப்பேச்சு என்று பிரித்துப் பார்ப்பதில்லை. 2009-ல் பார்க்வியூ என்ற மருத்துவ நிறுவனத்தின் ஊழியர்கள், 71 அட்டைப்பெட்டி நிறைய நோயாளி ஆவணங்களை ஒரு டாக்டரின் வீட்டு வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். டாக்டர் வீட்டில் இல்லை என்று தெரிந்தேதான் போனார்கள். 5,000 முதல் 8,000 பேர் வரையிலான ஆவணங்கள். திருட்டுப் போனதாகக்கூட யாரும் சொல்லவில்லை. வாசலில் விட்டதற்கே 8 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது. அதே 2009-ல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் ஊழியர் ஒருவர் வீட்டில் வேலை பார்க்க எடுத்துப்போன தாள்களை மெட்ரோ ரயிலில் மறந்துவிட்டு இறங்கினார். 192 நோயாளிகளின் விவரங்கள், அதில் எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களும் இருந்தார்கள். அந்த மருத்துவமனை கட்டியது 10 லட்சம் டாலர். ரயில் இருக்கையில் விட்ட ஒரு கற்றை பேப்பருக்கு.

நம்மூர்ல பேப்பர் எங்கெல்லாம் கசியுது?

பழைய பேப்பர் கடை கடைசி ஸ்டாப். அதற்கு முன்பே ஒரு நோயாளியின் காகிதம் பல கைகள் மாறிவிடுகிறது.

ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் தொடங்கலாம். 'என்ன தொந்தரவு?' என்று கவுன்டரில் கேட்பார்கள். பின்னால் நிற்கும் இருபது பேருக்கும் கேட்கும்படி பதில் சொல்ல வேண்டும். தோல் நோய்ப் பிரிவு, மனநலப் பிரிவு, பால்வினை நோய்ப் பிரிவு என்று சீட்டின் மேலேயே முத்திரை விழும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடப்பதே ஒரு அறிவிப்புதான்.

லேப் வாசலைப் பாருங்கள். ரிப்போர்ட்டுகள் ஒரு தட்டிலோ அட்டைப்பெட்டியிலோ குவிந்திருக்கும். 'உங்களோடதைத் தேடி எடுத்துக்கோங்க' என்பார்கள். உங்களுடையது கிடைப்பதற்குள் முப்பது பேருடையதைப் பார்த்துவிடுவீர்கள். தெரிந்த பெயர் ஒன்று கண்ணில் பட்டால் கை தானாகவே நிற்கும், மனித இயல்பு அது. அடுத்த தெருக்காரர் உங்களுடையதைப் பார்க்கும்போதும் அதேதான்.

வார்டில் கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டை. நர்ஸுக்கும் டாக்டருக்கும் அவசரத்துக்கு வேண்டும், மறுக்க முடியாது. ஆனால் பார்வையாளர் நேரத்தில் பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர்கள் அதைத் திருப்பிப் படிப்பதை யாரும் தடுப்பதும் இல்லை.

அப்புறம் ஜெராக்ஸ் கடை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக இருந்தாலும், கம்பெனி இன்ஷூரன்ஸாக இருந்தாலும், டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்து ஸ்கேன் ரிப்போர்ட் வரை நகல் எடுத்துத்தான் ஆக வேண்டும். மருத்துவமனை வாசல் ஜெராக்ஸ் கடைக்காரருக்குத் தெரியாத நோய் அந்த ஊரில் இருக்க வாய்ப்பில்லை. சரியாக விழாத நகல்கள் அங்கேயே மேஜைக்கு அடியில் கிடக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பி பிரின்ட் எடுத்தால் காகிதம் உங்கள் கைக்கு வந்துவிடும், ஃபைல் அந்தக் கடையின் கணினியில் தங்கிவிடும்.

ஒரு பக்கம் மட்டும் அச்சான தாள்களின் பின்பக்கத்தை 'ரஃப்' ஆகப் பயன்படுத்துவது நம் அலுவலகங்களில் பழைய வழக்கம். சிக்கனம் நல்லதுதான். ஆனால் மருத்துவமனையில் அந்தப் பின்பக்கத்தில் அடுத்த நோயாளிக்கு மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்தால், முன்பக்கத்தில் இருப்பவரின் கதையும் சேர்ந்தே வீட்டுக்குப் போகிறது.

மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் அறை என்பது பெரும்பாலும் கட்டடத்தின் பின்பக்கத்தில், படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் இடம். பூட்டு இருக்கும், சாவி ஆணியில் தொங்கும். யார் எந்த ஃபைலை எடுத்தார்கள் என்று எழுதிவைக்கும் பழக்கம் இருந்தால் அதிர்ஷ்டம். கணினியில் ஒருவர் ஃபைலைத் திறந்தால் குறைந்தபட்சம் பதிவாவது விழும். காகிதத்தைத் திறந்து படித்துவிட்டு அதே இடத்தில் வைத்துவிட்டால் அது நடந்ததற்கே சாட்சி இல்லை. காகிதத்தில் இதுதான் பெரிய சிக்கல். கசிந்தது என்று தெரியவரும்போது எங்கே கசிந்தது என்று கண்டுபிடிக்க வழி இருக்காது. கல்யாணப் பேச்சு நின்றுபோன பிறகோ, வீட்டு உரிமையாளர் திடீரென்று காலி செய்யச் சொன்ன பிறகோதான் குடும்பத்துக்குச் சந்தேகமே வரும்.

எச்.ஐ.வி. அட்டை: ஒரு நீதிமன்றம் கோபப்பட்ட கதை

2025 அக்டோபரில் சத்தீஸ்கர் மாநிலம் ராய்ப்பூரில் உள்ள அரசு மருத்துவமனையில் ஒரு பச்சிளம் குழந்தையின் அருகே ஓர் அறிவிப்புத் தாள் ஒட்டப்பட்டிருந்தது. 'குழந்தையின் தாய்க்கு எச்.ஐ.வி. இருக்கிறது' என்பதுதான் அதில் இருந்த செய்தி. அதைப் பார்த்து அந்தக் குழந்தையின் அப்பா உடைந்து அழுதார் என்று செய்தி வெளியானது. சத்தீஸ்கர் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. மனிதத்தன்மையற்ற செயல் என்று கண்டித்து, பெற்றோருக்கு 2 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க மாநில அரசுக்கு உத்தரவிட்டது.

ஒரு தாள், நாலைந்து சொற்கள், கொஞ்சம் பசை. ஹேக்கர் யாரும் தேவைப்படவில்லை.

ஊழியர்கள் தரப்பில் ஒரு வாதம் வரும்: 'எங்களுக்குத் தொற்று வராம இருக்க வேண்டாமா?' நியாயமான பயம்தான். ஆனால் தொற்றுத் தடுப்பின் அடிப்படை விதியே, எல்லா நோயாளியின் ரத்தத்தையும் தொற்று உள்ளதாகக் கருதிக் கையுறை போடு என்பதுதான். அட்டை ஒட்டிய ஒருவரிடம் மட்டும் ஜாக்கிரதையாக இருப்பவர், பரிசோதனையே செய்யாத மற்ற ஐம்பது பேரிடம் அஜாக்கிரதையாக இருப்பார். ஆக, அந்த அட்டை நோயாளியை அவமானப்படுத்துகிறது, ஊழியரையும் காப்பாற்றவில்லை.

கொரோனா காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். சென்னையில் தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளின் கதவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். சில இடங்களில் தகரமே அடித்தார்கள். இப்படிப் போஸ்டர் ஒட்டும் வழக்கம் பற்றிய வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் உரிய அதிகாரி குறிப்பாக உத்தரவிட்டால் தவிர வீடுகளில் போஸ்டர் ஒட்டக் கூடாது என்றது. அதற்குள் பல தெருக்களில் அந்த வேலை முடிந்திருந்தது.

காகிதத்துக்கென்றே எழுதிய சட்டம் ஒன்று உண்டு

இந்தியாவுக்குக் காகித ரகசியத்தைக் காக்கத் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். கருக்கலைப்பு ஆவணங்களுக்கான விதிகளைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும்.

மருத்துவக் கருக்கலைப்பு ஒழுங்குமுறைகளின்படி, பெண்ணின் ஒப்புதல் படிவமும் டாக்டரின் கருத்துப் படிவமும் ஓர் உறையில் போட்டு முத்திரையிடப்பட வேண்டும். உறையின் மேல் 'ரகசியம்' என்று குறிக்க வேண்டும். உறை மீது பெண்ணின் பெயர் வராது, அனுமதிப் பதிவேட்டில் அவருக்குக் கொடுத்த வரிசை எண்தான் வரும். பெயர் இருக்கும் ஒரே இடம் அந்த அனுமதிப் பதிவேடு. அது ரகசிய ஆவணம், யாருக்கும் காட்டக் கூடாது. கேஸ் ஷீட், ஆபரேஷன் தியேட்டர் பதிவேடு, அடுத்தடுத்த பரிசோதனை அட்டை என எதிலும் பெயரை எழுதக் கூடாது. எண் மட்டும்தான். 2021 திருத்தத்தில் இன்னும் இறுக்கினார்கள்: கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் பெயரையும் விவரங்களையும், சட்டம் அனுமதித்தவரைத் தவிர வேறு யாரிடமாவது வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை.

எண்ணும் பெயரும் வேறு வேறு இடத்தில் இருக்க வேண்டும். ஒன்றைத் திருடினால் பயனில்லை, இரண்டும் வேண்டும். இன்று கணினித் துறையில் பெரிய பெயர் வைத்துச் சொல்லும் உத்தியை, ஒரு நோட்டுப் புத்தகத்தையும் ஒரு கவரையும் வைத்தே எழுதிவிட்டார்கள். ஆகவே காகிதத்தைக் காப்பாற்ற முடியாது, செலவாகும் என்பதெல்லாம் சாக்கு. ஒரு விஷயத்தில் வெட்கம் அதிகம் என்று சமூகம் நினைத்தபோது அரசால் விதி எழுத முடிந்திருக்கிறது. காசநோய்க்கும் மனச்சோர்வுக்கும் குழந்தையின்மைச் சிகிச்சைக்கும் அந்த அளவு யோசிக்கவில்லை.

இப்படி ஆங்காங்கே தனித்தனிச் சட்டங்கள் உண்டு. எச்.ஐ.வி. சட்டம் 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. தொற்று உள்ளவர்களின் தகவலை வைத்திருக்கும் எந்த நிறுவனமும் தரவுப் பாதுகாப்பு ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது அது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் ரகசியம் காக்கப்படுவது நோயாளியின் உரிமை. இவை இரண்டும் காகிதமா கணினியா என்று பார்ப்பதில்லை. எச்.ஐ.வி. இல்லை, மனநோய் இல்லை, கருக்கலைப்பு இல்லை, சாதாரண கிட்னி பிரச்சினை என்றால்? அங்கேதான் வலை ஓட்டையாகிறது.

டாக்டருக்கு விதி உண்டு, மற்றவர்களுக்கு?

டாக்டர்களுக்கான 2002 ஒழுக்க விதிகள் இன்றும் நடைமுறையில் உள்ளன. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிகளைக் கொண்டுவந்து, அதே மாதத்திலேயே நிறுத்திவைத்தது. பழைய விதிப்படி, சிகிச்சையின்போது தெரியவந்த ரகசியத்தை டாக்டர் வெளியிடக் கூடாது. விதிவிலக்கு மூன்றுதான்: நீதிபதி உத்தரவிட்டால், குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ தீவிர ஆபத்து இருந்தால், அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோயாக இருந்தால்.

மீறினால் மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். கவுன்சிலால் டாக்டரின் பதிவை நிறுத்திவைக்க முடியும். நல்லது. ஆனால் கேஸ் ஷீட்டைக் கையில் வைத்திருப்பவர் டாக்டரா? ரெக்கார்ட்ஸ் அறை எழுத்தர், வார்டு உதவியாளர், பில்லிங் கவுன்டரில் இருப்பவர், ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், பேப்பரை எடைபோட்டு வாங்குபவர். இவர்கள் யாரும் மருத்துவக் கவுன்சிலின் கீழ் வருவதில்லை. மாதம் பத்துப் பன்னிரண்டாயிரம் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒப்பந்த ஊழியரிடம், ரகசியம் என்றால் என்ன என்று யாராவது ஒரு மணி நேரம் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக் கொடுத்திருப்பார்களா என்பதும் சந்தேகமே. பிரச்சினை வெடித்தால் நோட்டீஸ் போவது மட்டும் முதலில் அவருக்குத்தான்.

2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. ஒருவர் மருத்துவமனைக்குக் கொடுத்த ஆவணத்தை அனுமதியின்றி வெளியே கொடுப்பது அந்தரங்கத்தை மீறுவதுதான் என்று அந்தத் தீர்ப்பிலேயே வருகிறது. அரசு மருத்துவமனை மீது உயர் நீதிமன்றம் போக இது கைகொடுக்கும். ஆனால் ஓ.பி. சீட்டு கசிந்ததற்கு ரிட் மனு போடும் வசதி எத்தனை பேருக்கு இருக்கிறது?

தனியார் மருத்துவமனை என்றால் நுகர்வோர் ஆணையம் ஒரு நல்ல வழி. அதிகம் பேசப்படாத வழியும்கூட. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், நுகர்வோர் நம்பிக்கையின் பேரில் கொடுத்த தனிப்பட்ட தகவலை வேறு ஒருவருக்கு வெளியிடுவது 'நியாயமற்ற வணிக நடைமுறை' என்ற பட்டியலில் இருக்கிறது. டிஜிட்டல் தகவலா காகிதமா என்ற பாகுபாடு அதில் இல்லை. ஆனால் இங்கேயும் ஒரு பள்ளம். 1995-ல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தபோது, எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் இடங்களை விட்டுவிட்டது. ஆக, காசு கட்டியவருக்கு ஒரு கதவு திறக்கிறது. ஜி.எச். வரிசையில் நிற்பவருக்கு அதுவும் இல்லை. காகிதத்தை அதிகம் நம்பியிருப்பவரும் அவர்தான்.

ஆபீஸுக்குக் கொடுக்கும் சர்டிபிகேட்டும் இதில்தான் வரும்

மூன்று நாள் லீவுக்கு மெடிக்கல் சர்டிபிகேட் கேட்பார்கள். 2002 விதிகளின் பின்னிணைப்பில் அதற்கு ஒரு மாதிரிப் படிவம் இருக்கிறது. 'இன்னார் இந்த நோயால் பாதிக்கப்பட்டிருக்கிறார்' என்று நிரப்ப ஒரு கோடு போட்டே கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டில் டாக்டர் எழுதுவது உங்கள் மேனேஜர், எச்.ஆர்., சில சமயம் எச்.ஆர். மேஜையைக் கடந்துபோகும் எல்லோர் கண்ணிலும் படும். மனநல மருத்துவர் என்று அச்சடித்த லெட்டர்பேடாக இருந்தால் கோட்டை நிரப்பக்கூட வேண்டாம்.

வேலைக்கு வர முடியாது, இத்தனை நாள் ஓய்வு தேவை என்பது மட்டும்தான் ஆபீஸுக்குத் தெரிய வேண்டியது. நோயின் பெயரைக் குறிப்பிடாமல் எழுதித்தர முடியுமா என்று டாக்டரிடம் கேட்பதில் தப்பே இல்லை, பல டாக்டர்கள் எழுதித் தருவார்கள். இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் காகிதங்களை எச்.ஆர். வழியாகக் கொடுக்காமல் நேரடியாக இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கே அனுப்ப வழி இருக்கிறதா என்றும் கேட்டுப் பார்க்கலாம்.

'பிரைவசி' என்ற பெயரில் எதிர்த்திசை விளையாட்டு

ரகசியம் என்ற சொல்லை மருத்துவமனைகள் சரளமாகப் பயன்படுத்தும் இடம் ஒன்று இருக்கிறது. நோயாளி தன் சொந்த கேஸ் ஷீட்டைக் கேட்கும்போது! 'அது ஆஸ்பத்திரி ரெக்கார்ட், வெளிய தர மாட்டோம்' என்பார்கள். லேப் வாசலில் யார் வேண்டுமானாலும் புரட்டலாம், உரியவர் கேட்டால் மட்டும் ரகசியம்.

இது சட்டப்படி தவறு. உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளில் இருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். மறுப்பது டாக்டரின் ஒழுக்கக் கேடு என்று அதே 2002 விதிகள் சொல்கின்றன. 1996-லேயே மும்பை உயர் நீதிமன்றம், ரகசியம் என்று காரணம் சொல்லி நோயாளிக்கு ஆவணத்தை மறுக்க முடியாது என்று தீர்ப்பளித்துவிட்டது. கேட்கும்போது வாய்வழியாகக் கேட்காமல் எழுத்தில் கொடுத்து, தேதியுடன் ஒப்புகை வாங்கிக்கொள்வது நல்லது. 72 மணி நேரத்தை எண்ணத் தொடங்க ஒரு தேதி வேண்டுமே.

மூன்று ஆண்டு முடிந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் விதிகள் வாயடைத்துப் போகின்றன. எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்று எழுதியவர்கள், எப்படி அழிக்க வேண்டும் என்று எழுதவில்லை. ரத்தம் பட்ட பஞ்சை எந்த நிறப் பையில் போட வேண்டும் என்பதற்கு விரிவான மருத்துவக் கழிவு விதிகள் உண்டு. நோயாளியின் பெயர் எழுதிய ஃபைல் கிலோ கணக்கில் எடைக்குப் போகிறது. பழைய எக்ஸ்ரே ஃபிலிமுக்கு இன்னும் கிராக்கி, அதில் வெள்ளி இருக்கிறது என்பதால். அந்த ஃபிலிமின் மூலையிலும் பெயர், வயது, தேதி இருக்கும்.

செலவு ரொம்ப ஆகுமா?

ஆகாது. பெயர் சொல்லி அழைப்பதற்குப் பதில் டோக்கன் எண். லேப் ரிப்போர்ட்டை ஒட்டிய கவரில் போட்டு, சீட்டைப் பார்த்துக் கையில் கொடுப்பது. கட்டில் அட்டைக்கு மேல் ஒரு மூடி, அல்லது எழுத்து உள்பக்கம் பார்த்தபடி மாட்டுவது. ஃபைலை எடுக்கும்போது அந்த இடத்தில் யார், எப்போது, எதற்கு எடுத்தார் என்று எழுதிய ஓர் அட்டையைச் செருகுவது. நன்றாக நடக்கும் மருத்துவமனைகளில் இது பல காலமாக உள்ள பழக்கம்.

அழிப்பதற்கு மட்டும் கொஞ்சம் செலவு உண்டு. நீளவாக்கில் மட்டும் கிழிக்கும் சாதாரண இயந்திரம் போதாது, குறுக்கும் நெடுக்குமாகக் கிழிப்பது வேண்டும். மலை மலையாக இருந்தால் காகித ஆலைக்கு அனுப்பிக் கூழாக்கலாம். முக்கியமானது, மருத்துவமனையின் ஆள் ஒருவர் கடைசிவரை கூடவே இருந்து பார்ப்பது. தாய்லாந்து மருத்துவமனை விட்டது இதைத்தான். ஒப்பந்தம் போட்டார்கள், ஆவணத்தைக் கொடுத்தார்கள், அழிந்ததா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

கணினி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. 14 இலக்க ஆபா எண், க்யூ.ஆர். ஸ்கேன் செய்து ஓ.பி. சீட்டு எல்லாம் வந்துகொண்டிருக்கின்றன. ஆனால் மாறும் காலத்தில் பேப்பர் குறைவதில்லை, கூடத்தான் செய்கிறது. கணினியில் அடித்ததை பிரின்ட் எடுத்து ஃபைலில் வைப்பார்கள், கையால் எழுதியதை ஸ்கேன் செய்து ஏற்றுவார்கள். ஏற்றி முடித்ததும் 'கம்ப்யூட்டர்லதான் இருக்கே' என்று பழைய கட்டுகளை வெளியே தள்ளுவார்கள். 2027 மே நெருங்கும்போது பல மருத்துவமனைகள் டிஜிட்டல் பாதுகாப்புக்கு ஆலோசகர்களைத் தேடி ஓடும். அதே நேரத்தில் ரெக்கார்ட்ஸ் அறைகளைக் காலி செய்யும் வேலையும் வேகமெடுக்கும். அந்தக் கட்டுகள் எந்த வண்டியில் ஏறி எங்கே போகின்றன என்று கேட்கும் அதிகாரம் உள்ள அமைப்பு எது என்பதை, தேசிய மருத்துவ ஆணையம் நிறுத்திவைத்திருக்கும் விதிகளைத் திரும்ப எழுதும்போதாவது சொல்லலாம். தமிழ்நாட்டில் மருத்துவமனைகளுக்குப் பதிவு கொடுக்கும் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-லிருந்தே இருக்கிறது. பதிவைப் புதுப்பிக்க வரும் மருத்துவமனையிடம் கேட்கும் கேள்விகளில், 'பழைய கேஸ் ஷீட்டை எப்படி அழிக்கிறீர்கள்?' என்பதையும் சேர்க்க டெல்லியின் அனுமதி தேவையில்லை.